முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் இன்னொன்று: ஹட்டனில் கோதுமையும் பாலும் ஆகாத ஒரு வீட்டின் அனுபவம்

இலங்கையின் மலையகத்தில் ஒருவருக்குக் கோதுமை ஆகாது என்று டொக்டர் சொல்லிவிட்டால் காலைச் சாப்பாடு போய்விடும், பத்து மணிச் சாப்பாடு போய்விடும், சில வீடுகளில் இரவுச் சாப்பாடும் போய்விடும். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கொழுந்து மலைக்குப் போகிறவர்களின் பையில் இருப்பது ரொட்டியும் சம்பலும்தான். என் அம்மா எங்களை வளர்த்ததும் அந்த ரொட்டியில்தான். எனக்கு சீலியாக் நோய் என்று 2023இல் உறுதியானது. அன்றிலிருந்து 'குளூட்டன் இல்லாதது', 'கோதுமை இல்லாதது', 'பால் சேராதது' என்று எழுதி விற்கிற சாமான்களில் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கைக்கு எட்டியவற்றை எல்லாம் வாங்கிப் பாவித்துப் பார்த்திருக்கிறோம். 'நாங்கள்' என்று சொல்லக் காரணம் உண்டு. என் நாத்தனாரின் மகன் எங்கள் வீட்டில் தங்கித்தான் ஹட்டனில் படிக்கிறான். அவனுக்குப் பால் ஒவ்வாமை. ஒரே அடுப்படியில் இரண்டு பேருக்கும் சமைக்க வேண்டும்.

இவ்வளவு காலம் பாவித்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெக்கட்டின் முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பட்டியலே இல்லாத சாமான் என்றால், செய்தவரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

பலரும் போட்டுக் குழப்பிக்கொள்கிற ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுச் சாமான்களுக்கு வருகிறேன். சீலியாக் என்பது கோதுமை, பார்லி, றை தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி நம் சிறுகுடலையே தாக்குகிற நோய். சத்தை உறிஞ்சுகிற மெல்லிய விரல் போன்ற மடிப்புகள் தேய்ந்துபோகும். வயிற்றுப்போக்கு, வயிற்று ஊதல் மட்டுமல்ல, இரத்தச்சோகையாகவும் அது வெளியே தெரியும். எனக்கு அப்படித்தான். தோட்டத்துப் பெண்களுக்கு இரத்தச்சோகை புதிதில்லை என்பதால் பல வருடம் இரும்புக் குளிசையோடு கதை முடிந்துகொண்டிருந்தது. மருமகனுக்கு இருப்பது வேறு. பாலிலுள்ள புரதத்துக்கு அவன் உடம்பு உடனே பொங்கும்; தோல் தடிக்கும், உதடு வீங்கும். மூன்றாவது, லக்டோஸ் ஒத்துக்கொள்ளாமை. அது ஒவ்வாமையே இல்லை. பாலிலுள்ள சீனியை உடைக்கிற லக்டேஸ் நொதி குடலில் குறைவாக இருப்பதால் வருகிற வயிற்றுக் கோளாறு. உலகத்தில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு இந்த நொதி குறைந்துதான் போகிறது. சீலியாக்கால் குடல் தேய்ந்திருந்தபோது எனக்கும் இது சேர்ந்து வந்தது. கோதுமையை விட்டுக் குடல் ஆறியதும் பால் தேத்தண்ணி பழையபடி ஒத்துக்கொண்டது. ஆக மூன்றும் மூன்று விதம். ஒருவருக்கு நல்லதென்று எழுதியிருப்பது மற்றவருக்கு ஆபத்தாக இருக்கலாம். லேபல்கள் பிழைவிடுகிற முக்கியமான இடமே இதுதான்.

கோர்ன் ஃப்ளேக்ஸிலிருந்து தொடங்குகிறேன். சோளத்தில் செய்ததுதானே, கோதுமைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் நினைப்பார்கள். பெரும்பாலான கோர்ன் ஃப்ளேக்ஸில் சுவைக்காகப் பார்லி மோல்ட் சேர்க்கிறார்கள். பார்லியில் குளூட்டன் இருக்கிறது. நுவரெலியாவில் வாங்கிய ஓர் இறக்குமதிப் பெட்டியின் பின்பக்கத்தில், இறக்குமதி செய்தவரின் முகவரியும் விலையும் திகதியும் அச்சடித்த வெள்ளை ஸ்டிக்கர் சேர்மானப் பட்டியலின் மேலேயே ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து, கேத்தல் ஆவியில் காட்டி, நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தேன். முதல் வரியில் சோளம். அதற்குக் கீழே, ஸ்டிக்கர் சரியாக மறைத்திருந்த இடத்தில், தடித்த எழுத்தில் பார்லி மோல்ட். ஐரோப்பாவிலிருந்து வருகிற பொருட்களில் ஒவ்வாமை தரக்கூடிய சேர்மானங்களைப் பட்டியலிலேயே தடித்த எழுத்திலோ வேறு விதமாகவோ தனித்துக் காட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம். 14 வகைகளை அப்படிக் காட்ட வேண்டும். அங்கே சட்டம் போட்டுக் காட்டியதை இங்கே ஒரு விலை ஸ்டிக்கர் மறைத்துவிடுகிறது. இப்போதெல்லாம் பட்டியலின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியை நான் வாங்குவதே இல்லை. கடைக்காரரிடம் காரணத்தையும் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

அடுத்தது குரக்கன். என் பார்வையில் இதுதான் பெரிய ஏமாற்று, ஏனென்றால் இதை வாங்குகிறவர்கள் என்னைப் போன்றவர்கள் மட்டுமில்லை. சீனி வியாதிக்காரர்களும் வயதானவர்களும் நம்பி வாங்குகிறார்கள். குரக்கன் பிஸ்கட், குரக்கன் நூடுல்ஸ், குரக்கன் பணிஸ். முன்னால் பெரிதாகக் குரக்கன் கதிர்ப் படமும் மண் நிறமும் 'பாரம்பரியம்' என்ற வார்த்தையும் இருக்கும். பெக்கட்டைத் திருப்பினால் முதல் சேர்மானம் கோதுமை மா. சேர்மானங்களை எடை கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுதுவதுதான் முறை. ஆகவே முதலில் இருப்பதுதான் உள்ளே அதிகம். நான் பார்த்த ஒரு பிஸ்கட்டில் கோதுமை மா, சீனி, கொழுப்பு எல்லாம் முடிந்த பிறகுதான் குரக்கன் வந்தது. பின்பக்கத்தில் உண்மையை எழுதியிருக்கிறார்களே, பிறகென்ன குறை என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அந்தப் பொடி எழுத்தை என் மாமியார் எப்படி வாசிப்பார்? அவருக்குக் கண் மங்கல். படத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார். படம் பொய் சொல்லக்கூடாது.

குரக்கன் என்ற தானியத்தில் குற்றமில்லை. குளூட்டன் இயல்பாகவே இல்லாதது அது. தானியமாக வாங்கிக் கழுவி அரைத்தால் என் வீட்டில் அதற்குத்தான் முதல் இடம்.

சரி, 'குளூட்டன் இல்லாதது' என்று ஒழுங்காக எழுதினால் அதற்கு என்ன பொருள்? ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் தரத்தின்படி, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது. பல நாடுகளின் சட்டமும் இந்த அளவைத்தான் வைத்திருக்கிறது. ஒரு சாதாரணப் பாண் துண்டில் 2 கிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கும், அதாவது 2000 மில்லிகிராமுக்கு மேல். நாள் ஒன்றுக்கு 50 மில்லிகிராம் போனாலே சீலியாக் உள்ளவரின் குடல் பழுதுபடும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் ஒரு பாண் துண்டின் நாற்பதில் ஒரு பங்கு. ரொட்டி சுட்ட கல்லில் துடைக்காமல் என் தோசையை ஊற்றினால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அளந்து பார்த்துத்தான் அந்த வார்த்தையைப் போட முடியும். வீட்டில் கேக் செய்து சீசன் காலத்தில் நுவரெலியாவில் விற்கிறவர்கள், கோதுமை மா போடவில்லை என்ற நல்ல எண்ணத்திலேயே 'குளூட்டன் ஃப்ரீ' என்று எழுதி ஒட்டிவிடுகிறார்கள். அதே மேசை, அதே அரிப்பெட்டி, அதே கேக் தட்டு. அவர்களுக்குக் கெட்ட எண்ணமில்லை என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் அதை நான் சாப்பிட முடியாது.

இன்னும் இரண்டு நுணுக்கம் இருக்கிறது. 'கோதுமை இல்லாதது' என்றால் குளூட்டன் இல்லாதது ஆகிவிடாது, பார்லியும் றையும் உள்ளே இருக்கலாம். திருப்பிப் பார்த்தாலும் அப்படித்தான்: ஐரோப்பாவில் செய்கிற சில குளூட்டன் இல்லாத பாண்களில் குளூட்டனை நீக்கிய கோதுமை மாச்சத்து இருக்கும். அளவு 20 மில்லிகிராமுக்குள் நிற்பதால் எனக்கு அது சரி. கோதுமைக்கே ஒவ்வாமை உள்ள ஒருவருக்கு அது சரிவராது.

ஓட்ஸ் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஓட்ஸில் கோதுமையின் குளூட்டன் இல்லை. ஆனால் வயலிலும் லொறியிலும் ஆலையிலும் கோதுமையோடும் பார்லியோடும் கலந்துதான் வரும். எங்கள் கடைகளில் கிடைக்கும் சாதாரண ஓட்ஸை நான் தொடுவதில்லை. தனியாகப் பயிரிட்டுப் பிரித்தெடுத்ததென்று சான்றிதழோடு வருவதையும் கவனமாகத்தான் தொடங்க வேண்டும், அதுவும் ஒத்துக்கொள்ளாத சீலியாக்காரர்கள் சிலர் இருக்கிறார்கள்.

இறக்குமதியான குளூட்டன் இல்லாத பாண் மா வாங்கிச் செய்து பார்த்தோம். அரிசி மா, சோள மாச்சத்து, மரவள்ளி மாச்சத்து, சாந்தன் பிசின். லேபல் நேர்மையானது, குறை சொல்ல ஒன்றுமில்லை. சூடாக இருக்கும்போது நன்றாகவே இருக்கிறது. அடுத்த நாள் காலை ஹட்டன் குளிரில் வறண்டு உதிரும். விலையோ, ஒரு தோட்டத் தொழிலாளியின் நாட்கூலியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எடுக்கிற கை பின்வாங்கும். பிறந்தநாளுக்கு வாங்கலாம். தினசரிக்கு அது வழியில்லை.

தினசரிக்கு வழி காட்டியவர் அம்மாதான். என் நோயைப் பற்றி விளக்கியபோது அதிகம் கேள்வி கேட்கவில்லை. "சரி, மாவ மாத்துவோம்" என்றார். வறுத்த சிவப்பரிசி மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டு, கொதி தண்ணீர் விட்டுக் கரண்டிக் காம்பால் கிளறி, கை பொறுக்கிற சூட்டில் அவித்து மசித்த மரவள்ளியைச் சேர்த்துப் பிசைந்தார். கோதுமை மாவுபோல இழுபடாது, ஓரம் வெடிக்கும். வாழை இலையில் எண்ணெய் தடவி அதன்மேல் தட்டி, இலையோடு கல்லில் கவிழ்த்து, இலை வாடியதும் உரித்தெடுத்தார். மரவள்ளி கிடைக்காத நாளில் உருளைக்கிழங்கு. நான் பிறகு சேர்த்துக்கொண்டது ஒன்றுதான்: பார்மசியில் மலச்சிக்கலுக்கு விற்கும் இசப்கோல் உமி, ஒரு கோப்பை மாவுக்கு ஒரு தேக்கரண்டி. தண்ணீரில் ஊறி வழவழப்பாகி மாவைச் சேர்த்துப் பிடிக்கிறது. இந்த ரொட்டி கட்டச் சம்பலோடு மத்தியானம் வரைக்கும் மெதுவாக இருக்கும். கடையில் வாங்கிய எந்த மாவும் இதற்குப் பக்கத்தில் வரவில்லை.

அரிசி மாவைக் கடையில் வாங்குவதையும் விட்டுவிட்டேன். அரைக்கும் மில்லில் ஒருவர் சத்துமாவுக்குக் கோதுமையும் பார்லியும் பயறும் கலந்து கொண்டுவருவார். அடுத்த ஆள் அரிசி. முன்னவருடைய மா கல்லில் மிச்சம் இருக்கத்தான் செய்யும். எங்கள் மில்காரர் அண்ணனிடம் இதைச் சொன்னதும், மில்லைக் கழுவித் துடைத்துவிட்டு மிளகாயும் மல்லியும் மட்டும் அரைக்கிற நாளுக்கு மறுநாள் காலையில் முதல் ஆளாக வரச் சொன்னார். முதலில் ஒரு கொத்து அரிசியைப் போட்டு ஓட்டி, அந்த மாவைக் கோழிக்குக் கொடுத்துவிட்டுத்தான் என்னுடையதை அரைப்பார். மிளகாய் நெடி கொஞ்சம் இருக்கும், பரவாயில்லை. இதில் ஒரு சிக்கல், அரிசியைக் கழுவிக் காயவைக்க வெயில் வேண்டும். ஹட்டன், டிக்கோயா, நோர்வூட் பக்கம் தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால் வாரக்கணக்கில் துணியே காயாது. அதனால் வருடத் தொடக்கத்து வெயிலில் முடிந்தவரை காயவைத்து அரைத்து, வறுத்து, டின்னில் அடைத்து வைத்துவிடுகிறேன்.

பெருங்காயம் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நாம் வாங்குகிற கூட்டுப் பெருங்காயத்தில் உண்மையான பெருங்காயம் கொஞ்சம்தான்; மிச்சம் பிசினும் மாவும். அந்த மா பல டப்பாக்களில் கோதுமை மா. பட்டியலில் தெளிவாக எழுதித்தான் இருக்கிறது, ஆனால் பெருங்காய டப்பாவை யார் திருப்பிப் பார்ப்பார்கள்? சாம்பார்த் தூள், ரசப் பொடி, ஊறுகாய், முறுக்கு எல்லாவற்றுக்குள்ளும் அது போய்விடுகிறது. அரிசி மா சேர்த்த பெருங்காயமும் சந்தையில் இருக்கிறது, தேடிப் பிடித்தால் கிடைக்கும். கோயில் அன்னதானத்தில் சோறும் பருப்பும் மரக்கறியும் எனக்கு நல்லது. சாம்பாரை மட்டும் விடுகிறேன். ஒரு வருடம் திருவிழாவுக்கு முன்பே அரிசி மாப் பெருங்காயம் ஒரு டப்பா வாங்கிச் சமையல் பொறுப்பானவரிடம் கொடுத்தேன். சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். இப்போது அவரே அதைத்தான் வாங்குகிறார். இதுபோல லேபலில் எதிர்பாராத இடத்தில் கோதுமை நிற்கிற இன்னும் சில: சோயா சோஸ், சில சோயா மீட் பெக்கட்டுகளும் அவற்றோடு வரும் மசாலாவும், சொசேஜ், சூப் கட்டி. மோல்ட் பானங்கள் எல்லாமே பார்லி.

வெளிச் சாப்பாட்டில் லேபலே கிடையாது. 'சிவப்பரிசி இடியப்பம்' என்று பலகை எழுதியிருக்கும். இடியப்பம் மெதுவாக வர, அவித்த கோதுமை மாவைக் கலப்பது இங்கே சாதாரண வழக்கம். பிட்டிலும் அப்படித்தான். கேட்டால் கடைக்காரர்கள் ஒளிக்காமல் சொல்கிறார்கள், யாரும் கேட்பதில்லை என்பதுதான் விஷயம். பருப்பு வடையில் கோதுமை இல்லாவிட்டாலும் ரோல்ஸும் இறால் வடையும் பொரிந்த எண்ணெயில்தான் அதுவும் பொரிகிறது. எல்ல என்ற ஊர்ப் பக்கம் வெள்ளைக்காரப் பயணிகளுக்காக மெனுவிலேயே குளூட்டன் இல்லாதது என்று போட்ட கடைகள் நிறைய. அங்கே ஒரு கடையில் குரக்கன் பான்கேக் பற்றிக் கேட்டேன். பரிமாறிய தம்பிக்குத் தெரியவில்லை. உள்ளே போய் மாப் பையையே தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்து, "அக்கா, நீங்களே பாருங்க" என்றான். கோதுமையும் குரக்கனும் கலந்த மா. மெனுவிலிருந்து அந்த வரியை எடுத்துவிடச் சொல்லி முதலாளியிடம் பேசினோம். அந்தத் தம்பிக்கு என் நன்றி எப்போதும் உண்டு.

இனி மருமகன் கதை. 'நொன் டெய்ரி' கிரீமர், அதாவது பால் மாவுக்குப் பதிலாகத் தேத்தண்ணியிலும் கோப்பியிலும் கலக்கிற வெள்ளைத் தூள். பெயரிலேயே பால் இல்லை என்று சொல்கிறது. பெரும்பாலானவற்றின் பட்டியலில் சோடியம் கேசினேட் இருக்கும். கேசின் பால் புரதம். லக்டோஸ் ஆகாதவருக்கு இது பெரிய பிரச்சினை தராது. பால் ஒவ்வாமைக்காரருக்கு இதுதான் நஞ்சு. ஒரு விளையாட்டுப் போட்டி நாளில் பையனுக்குக் கோப்பி, சீனி, கிரீமர் மூன்றும் கலந்த தூள் ஒன்றைக் கலக்கிக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்த ஆசிரியை அவனுக்குப் பால் ஆகாதென்று தெரிந்துதான், முன்பக்கத்தைப் படித்துப் பார்த்துத்தான் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் கழுத்தெல்லாம் தடிப்பு, உதடு வீங்கி இருமல். வைத்தியசாலையில் ஊசி போட்டு இரவு முழுக்க வைத்துப் பார்த்தார்கள். அந்த ஆசிரியை அழுதுகொண்டே வாசலில் நின்றார். அவர் செய்ததில் என்ன தவறு? வாசிக்கத் தெரிந்த, அக்கறையுள்ள ஒருவர் வாசித்துவிட்டுக் கொடுத்ததுதான் பிள்ளையை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. அப்படிப்பட்ட பெயரை வைத்து விற்க அனுமதிக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

'வீகன்' என்ற முத்திரையையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். பால் சேர்மானமாகப் போடவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. பால் சொக்லட் ஓடிய அதே இயந்திரத்தில் கறுப்புச் சொக்லட்டும் ஓடியிருந்தால், அவனுக்கு அந்த மிச்சமே போதும்.

லக்டோஸ் இல்லாத பால் நல்ல பொருள், உரியவர் பாவித்தால். பசும்பாலில் லக்டேஸ் நொதியைச் சேர்த்து லக்டோஸை முன்கூட்டியே உடைத்து வைக்கிறார்கள். உடைந்த சீனிகள் கூடுதல் இனிப்பானவை என்பதால் பால் கொஞ்சம் இனிக்கும். சீனி கொட்டியிருக்கிறார்கள் என்று பயப்படத் தேவையில்லை. பால் புரதம் அப்படியே இருப்பதால் மருமகனுக்கு அது வாசலிலேயே தடை. எனக்குப் பால் ஆகாதிருந்த காலத்தில் அதை வாங்கினேன், வயிறு அமைதியாக இருந்தது. விலை கட்டாதபோது தெரிந்துகொண்டது: லக்டோஸ் ஆகாதவர்களில் பெரும்பாலானோர் ஒரு வேளைக்கு 12 கிராம் லக்டோஸ் வரை தாங்குவார்கள், அதாவது ஒரு கோப்பைப் பால் அளவு. பால் மாவில் ஏறக்குறைய 38 சதவீதம் லக்டோஸ். ஒரு தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி, பத்துப் பன்னிரண்டு கிராம் மா போட்டாலும் நாலைந்து கிராம்தான் லக்டோஸ் வருகிறது. ஒரேயடியாகக் குடிக்காமல் சாப்பாட்டோடு குடித்தால் பலருக்கு ஒத்துக்கொள்ளும். தயிரில் குறைவு, நெய்யில் கிட்டத்தட்ட இல்லை. என் கணக்கில் லக்டோஸுக்காக மட்டும் விலை கூடிய பொருட்களைத் தேடி ஓட வேண்டிய அவசியம் பெரும்பாலானோருக்கு வராது. பால் சேர்க்காத வெறும் சாயத் தேத்தண்ணி குடிக்கிறவர்களுக்கு ஒரு கவலையும் இல்லை.

'இதில் கோதுமையின் தடயம் இருக்கலாம்' என்ற வரி பற்றி ஒரு முக்கியமான விஷயம். பல நாடுகளில் அந்த வரியைப் போடுவது உற்பத்தியாளரின் விருப்பம். போடாததால் பாதுகாப்பு என்று ஆகாது. யோசித்துப் பார்த்தால், அதைப் போடுகிறவர் தன் ஆலையில் என்னென்ன ஓடுகிறது என்று ஒரு தடவையாவது பார்த்திருக்கிறார். ஒன்றுமே எழுதாத பெக்கட்டை நான் கூடுதலாகச் சந்தேகிக்கிறேன்.

நம் நாட்டில் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது. லேபல் விதிகளும் அதன் கீழ் இருக்கின்றன. குடிபானங்களில் சீனி அளவைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் 2016இல் வந்தது. பிறகு மற்ற உணவுகளுக்கும் வந்தது. எழுத வாசிக்கத் தெரியாத பாட்டிகூடச் சிவப்பைப் பார்த்து வைத்துவிட்டுப் போகிறார். அதைச் செய்ய முடிந்த நாட்டில் கோதுமை, பால், கச்சான், முட்டை இருக்கிறதென்று முன்பக்கத்திலேயே ஒரு குறியில் காட்ட முடியாதா? தமிழிலும் வாசிக்கிற அளவு எழுத்தில் போட முடியாதா? லேபலில் பிழை கண்டால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பெக்கட்டோடு போங்கள். பில்லையும் எடுத்துப் போங்கள். நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். நான் ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியைக் கொண்டுபோனபோது பரிசோதகர் பொறுமையாகக் கேட்டு, எழுத்தில் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

லேபலைவிடக் கஷ்டமானது சொந்தக்காரர் வீடு. தோட்டத்து லய வீடுகளுக்குப் போனால் முதலில் வருவது ரொட்டியும் தேத்தண்ணியும். வேண்டாம் என்றால் மனம் நோகும். டவுனுக்குப் போனதும் ரொட்டி கசக்குது போல என்று நினைப்பார்கள். "ஒரு துண்டுல என்னடி ஆகப்போவுது?" என்று பெரியம்மா கேட்டபோது நான் நோயின் பெயரைச் சொல்லவில்லை. "பெரியம்மா, அது எனக்குக் குடல்ல புண்ணாக்குது, இரத்தம் ஊற மாட்டேங்குது" என்றேன். இரத்தம் ஊறாதது என்னவென்று அவருக்குத் தெரியும். அடுத்த தடவை போனபோது கிழங்கு அவித்து, தனிச் சட்டியில் லுணுமிரிஸ் வைத்திருந்தார்.

கடைசியாக, தனக்கும் கோதுமை ஆகாதோ என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு. எனக்குச் சந்தேகம் வந்ததே 2022 பொருளாதார நெருக்கடியில்தான். மா விலை ஏறி, பாணும் ரொட்டியும் குறைந்து, மரவள்ளியும் கிழங்கும் சோறுமாக ஓடிய மாதங்களில் பல வருட வயிற்று ஊதல் அடங்கியது. எல்லோரும் இளைத்தபோது நான் தேறினேன். மா திரும்பி வந்ததும் வயிறும் பழையபடி ஆனது. பிறகு வாசித்தபோது, நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கேயும் இதையேதான் கண்டார் என்று தெரிந்தது. ஏற்கனவே கோதுமைமேல் சந்தேகம் வைத்திருந்த அவர், 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில் பாண் இல்லாமல் போனபோது சீலியாக் குழந்தைகள் தேறியதையும், பாண் வந்ததும் மறுபடி விழுந்ததையும் பார்த்தார்.

சந்தேகம் வந்தவுடன் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். டி.டி.ஜி. என்ற இரத்தப் பரிசோதனையும் அதற்குப் பிறகு குடலில் சதை எடுத்துப் பார்ப்பதும், கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியான முடிவு தரும். நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் இல்லை என்று வரும், பிறகு பரிசோதனைக்காகச் சில வாரம் மறுபடி சாப்பிடச் சொல்வார்கள். நூறு உணவுகளை ஒரே இரத்தத்துளியில் பார்க்கிறோம் என்று விளம்பரம் செய்யும் ஐ.ஜி.ஜி. பரிசோதனைகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்களின் அமைப்பு 2008இலேயே அவை உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க உதவாது என்று சொல்லிவிட்டது. அந்த உணவை நீங்கள் சாப்பிட்டு வந்திருக்கிறீர்கள் என்பதைத்தான் அவை காட்டுகின்றன.

சீலியாக் உள்ளவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அது இருக்கக்கூடும் என்பதால் அவர்களும் பார்ப்பது நல்லது. என் தம்பி பல தடவை சொல்லியும் கேட்காமல் இருந்துவிட்டு, இந்த வருடம்தான் கண்டிக்குப் போய்ப் பார்த்தான். அவனுக்கும் இருக்கிறது. அவன் மனைவி போனில் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் இருக்கிற மாவை எல்லாம் யாருக்காவது கொடுத்துவிடட்டுமா என்பதுதான். கொஞ்சம் பொறு என்று சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இரத்தம் எடுத்து முடியும் வரை அவர்கள் வழக்கம்போல ரொட்டி சாப்பிடட்டும். தம்பிக்கு மட்டும் கல்லையும் சட்டியையும் இன்றைக்கே தனியாக்கு என்று.